இருதயத்துக்குப் புது அடுப்பு: ருஜு எங்கே?

இருதய வியாதியால் ஒருவர் இறந்துபோனால் நம் மக்களிடத்தில் இரண்டுவிதமான பேச்சுகள் கிளம்புவதைப் பார்க்கின்றோம். ஒன்று, "அவ்வளவுதான் அவன் ஆயுசு" என்பது. மற்றொன்று, "அமெரிக்காவில் இதற்கு என்னவோ கண்டுபிடித்துவிட்டார்களாம், நமக்குத்தான் கிடைக்கவில்லை" என்பது. முதலில் பேசுகிறவர் பஞ்சாங்கத்தை நம்பினவர். இரண்டாவது பேசுகிறவர் தம்மைப் பகுத்தறிவுக்காரர் என்று எண்ணிக்கொண்டிருப்பவர். ஆனால் "எப்படி, எதனால்" என்று கேட்காமலிருக்கும் விஷயத்தில் இருவரும் ஒரே பந்தியில் உட்காரக்கூடியவர்களேயாவார்கள்.

சில நாட்களுக்கு முன் ஒரு கூட்டம் முடிந்து, ஜனங்கள் கலைந்த பிறகு, ஒரு தோழர் நம்மிடம் வந்தார். அவருடைய தமையனாருக்கு மார்வலி கண்டு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், அங்கு டாக்டர்கள் இரத்தக் குழாயிலிருந்த அடைப்பை நீக்கி, இரத்தம் நன்றாய் ஓடுகின்றது என்றும் சொல்லி, அதற்கு மூன்றாம் நாள் அவர் இறந்துபோனாராம். "அடைப்பு இருந்து செத்தால் அர்த்தம் தெரிகிறது அய்யா. அடைப்பை எடுத்த பிறகு ஏன் சாகவேண்டும்? வீட்டில் எல்லாரும் விதி என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்று கேட்டார். பிறகு சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். அதில், அமெரிக்காவில் போஸ்டன் நகரத்தில், செத்துக்கொண்டிருக்கும் இருதயத்தில் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்பொருளை ஊசியால் செலுத்திப் பிழைக்கவைக்கின்றார்கள் என்று அச்சிட்டிருந்தது. "இது நிஜமா, அல்லது இதுவும் ஒரு விபூதிதானா?" என்றார்.

நாம் வைத்தியரல்ல. பள்ளிக்கூடப் படிப்பும் நமக்கு அதிகமில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட கேள்விக்கு "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுவது, கோவில் குருக்கள் சொல்லும் பதிலைவிட எந்த விதத்திலும் மேலானதாகாது என்று பட்டதால், கிடைத்ததையெல்லாம் படித்து, விஷயம் அறிந்தவர்களையும் கேட்டு, நமக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தை இங்கு எழுதுகின்றோம்.

முதலில் தோழருடைய கேள்வி. இருதயம் என்பது ஒரு தசை. அது உடம்பு முழுவதுக்கும் இரத்தத்தைத் தள்ளுகின்றது என்றாலும், தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தன் மேலேயே படர்ந்திருக்கும் சிறு குழாய்களின் வழியாகத்தான் பெறுகின்றது. அந்தக் குழாயில் ஒன்று அடைபட்டால் அதன் பாய்ச்சலுக்குட்பட்ட தசை பிராணவாயு இல்லாமல் தவிக்கின்றது. இருபது நிமிஷத்திற்கெல்லாம் சில ஜீவ அணுக்கள் மீளமுடியாத நிலைக்குப் போக ஆரம்பித்துவிடுகின்றன. ஆகவே அடைப்பைச் சீக்கிரம் திறக்கவேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. திறக்காமல் விட்டால் அந்தப் பாகம் முழுவதும் அழிவது நிச்சயம்.

ஆனால் திறப்பதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கின்றது. இதை 1960-ம் வருஷத்திலேயே ஜென்னிங்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் நாய்களிடம் பரீட்சித்துக் கண்டார்கள். சிறிது நேரம் கட்டிவைத்த குழாயை அவிழ்த்து இரத்தத்தை மறுபடி விட்டபோது தசையின் அழிவு துரிதப்படுவதைப் பார்த்து எழுதினார்கள். 1985-ல் பிரான்வால்ட், க்ளோனர் என்ற இரு டாக்டர்கள் இந்த மறுபாய்ச்சலை இருபுறமும் கூருள்ள வாளுக்கு ஒப்பிட்டுக் கட்டுரைக்கு அதையே தலைப்பாகவும் வைத்தார்கள்.

நம் வயல்காரருக்கு இது விளங்காத விஷயமல்ல. மடை அடைத்துக் காய்ந்து வெடித்த வயலில் திடீரென்று மதகை முழுவதும் திறந்துவிட்டால், பயிருக்குத் தண்ணீர் போவதோடு வரப்பும் உடைத்துக்கொண்டு போகும். இருதயத்திலும் ஏறக்குறைய அப்படியே. அடைப்பிருந்த காலத்தில் அணுக்களுக்குள் அமிலம் தேங்கி, உப்பும் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியமும் கணக்குத் தப்பி நிற்கின்றன. அந்த நேரத்தில் பிராணவாயு திடுமென்று வந்து சேர்ந்தவுடன் எரித்துக் கெடுக்கும் கழிவுப் பொருள்கள் ஏராளமாய் உற்பத்தியாகின்றன. கால்சியம் இன்னும் பெருகுகின்றது. அணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் துவாரம் திறந்துகொள்ளுகின்றது. அது வீங்கி வெடித்தால் அந்த அணுவும் போயிற்று. தோழருடைய தமையனார் இதனால்தான் இறந்தார் என்று பார்க்காத நாம் சொல்ல முடியாது. ஆனால் அடைப்பை எடுத்த பிறகும் ஒருவர் இறப்பதற்குக் கண்ணால் காணக்கூடிய காரணங்கள் உண்டு என்பதும், அதில் விதிக்கு ஒரு வேலையும் இல்லை என்பதும் இதனால் விளங்கும்.

இனி அந்த மைட்டோகாண்ட்ரியா யார் என்று பார்ப்போம். பெயரைக் கண்டு பயப்படவேண்டியதில்லை. 1898-ல் பெண்டா என்ற ஜெர்மானியர் பூதக்கண்ணாடியில் நூல் போலவும் மணி போலவும் தெரிந்த பொருள்களுக்கு, நூல், மணி என்ற பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. நம்மவர் "நூல்மணி" என்று சொல்லிக்கொண்டாலும் குற்றமில்லை. வேலையைக் கொண்டு சொன்னால் அது ஒரு அடுப்பு. நாம் சாப்பிடும் சாப்பாட்டின் சத்தும் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவும் இந்த அடுப்பில் சேர்ந்துதான் உடம்பு வேலை செய்யும் சக்தி உண்டாகின்றது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை அடித்துக்கொள்ளவேண்டிய இருதயத்திற்கு அடுப்பு அதிகம் வேண்டுமல்லவா? அதனால் இருதயத் தசை அணு ஒன்றில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இடத்தை இவைகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன.

இவைகளின் பூர்வோத்தரம் இன்னும் வேடிக்கையானது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் தனியே வாழ்ந்த ஒருவகைக் கிருமி, வேறொரு அணுவுக்குள் குடியேறி, அங்கேயே தங்கி, வேலைக்காரனாகி, கடைசியில் வீட்டுக்காரனாகிவிட்டது. அதுதான் மைட்டோகாண்ட்ரியா. 1967-ல் லின் மார்குலிஸ் என்ற அம்மையார் இதை விரிவாக எழுதியபோது, அதற்கு முன் அந்தக் கட்டுரையைப் பல பத்திரிகைகள் திருப்பி அனுப்பியிருந்தன. இன்று அது பள்ளிப் புஸ்தகத்தில் இருக்கின்றது. இந்த அடுப்புக்குத் தனியே ஒரு பரம்பரைக் குறிப்பும் உண்டு. அது மக்களுக்குத் தாயிடமிருந்து மாத்திரமே வருகின்றது. தகப்பன் வழியிலேயே கோத்திரத்தை எண்ணிக்கொண்டு, தாயைக் கணக்கில் சேர்க்காத பெரியவர்கள், தங்கள் நெஞ்சு அடித்துக்கொள்ளுவது யார் கொடுத்த அடுப்பினால் என்பதை இனியாவது யோசித்துப்பார்ப்பார்களாக. அது கிடக்கட்டும்.

போஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மெக்கல்லி என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டத்தாரும் கேட்ட கேள்வி இதுதான். அடுப்பு கெட்டதால் இருதயம் சாகின்றதென்றால், கெடாத அடுப்பை வேறிடத்திலிருந்து எடுத்துவந்து வைத்தால் என்ன? 2009-ல் முயல்களின் இருதயத்தில் குழாயைக் கட்டி, மறுபடி இரத்தத்தை விடுகிற சமயத்தில் நல்ல மைட்டோகாண்ட்ரியாவை ஊசியால் செலுத்தினார்கள். செலுத்திய இருதயங்களில் அழிவு குறைந்ததாகக் கண்டார்கள். உறையவைத்துக் கெட்டுப்போனவைகளையும், உடைத்த துண்டுகளையும் செலுத்திப் பார்த்ததில் அந்தப் பலன் இல்லை என்றும் எழுதினார்கள். இந்த இரண்டாவது காரியம் நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. "போட்டேன், பிழைத்தது" என்பதோடு நிறுத்துகிறவன் மந்திரவாதி. "கெட்டதைப் போட்டுப் பார்த்தேன், பிழைக்கவில்லை" என்றும் காட்டுகிறவனே ஆராய்ச்சிக்காரன். 2013-ல் முயலின் மார்புத் தசையிலிருந்தே எடுத்து அதே முயலுக்குச் செலுத்தினார்கள். 2017-ல் பன்றிகளுக்குச் செய்த பரீட்சையும் வெளிவந்தது.

அதே 2017-ல்தான் ஐந்து குழந்தைகளுக்குச் செய்த செய்தியும் வந்தது. இவை பிறக்கும்போதே இருதயக் கோளாறுள்ள குழந்தைகள். இரத்தம் நின்று மறுபடி ஓடியதால் இருதயம் துவண்டுபோய், எக்மோ என்னும் யந்திரத்தின் தயவில் உயிர்வாழ்ந்தவர்கள். அந்த யந்திரம் உடம்புக்கு வெளியே நின்று இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்கின்றது. ஆனால் அதில் நாள் ஏற ஏற ரத்தக்கசிவும் ரத்தக்கட்டியும் வந்து வேறு ஆபத்துகள் சேரும். அப்படிப்பட்ட குழந்தையின் வயிற்றுத் தசையிலிருந்து பட்டாணியளவு துண்டு எடுத்து, அரைமணி நேரத்துக்குள் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, ஊசிக்கு ஏறக்குறைய ஒரு கோடி வீதம் பத்து ஊசிகளாய், கெட்டுப்போன இடங்களில் செலுத்தினார்கள். தன் உடம்பிலிருந்தே எடுத்ததாகையால் உடம்பு அதை அன்னியமென்று எதிர்ப்பதற்கும் இடமில்லை. ஐந்தில் நான்கு குழந்தைகளை யந்திரத்திலிருந்து விடுவிக்க முடிந்தது.

பிறகு 2021-ல் அதே ஆஸ்பத்திரியார் இருபத்துநான்கு குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார்கள். ஊசி போட்ட பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேரும், போடாத பதினான்கு குழந்தைகளில் நான்கு பேரும் யந்திரத்தை விட்டு நல்லபடி விலகினார்கள். நூற்றுக்கு எண்பதும் நூற்றுக்கு இருபத்தொன்பதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? தோழர் வைத்திருந்த துண்டுக் காகிதமும் இந்தக் கணக்கைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

ஆனால் காகிதத்தில் போடாதது ஒன்று உண்டு. 2018-ல் ஜெர்மனியில் வுர்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த மாக் என்பவரும், பெர்டெரோ என்பவரும், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையைச் சேர்ந்த ஒரூர்க் என்பவரும் சேர்ந்து, இது மாயமந்திரச் சிகிச்சையா, அல்லது கவலைப்படவேண்டிய விஷயமா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். இவர்கள் பொறாமைக்காரரல்ல. ஆயுள் முழுவதும் இந்த அடுப்பைப்பற்றியே ஆராய்பவர்கள்.

அவர்கள் சொல்லும் ஆட்சேபணை சாமானியருக்கும் விளங்கக்கூடியது. அணுவுக்கு உள்ளே இருக்கும் கால்சியத்தைவிட வெளியே இரத்தத்தில் இருக்கும் கால்சியம் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு அதிகம். உள்ளே வாழும் மைட்டோகாண்ட்ரியாவை எடுத்து வெளியே விட்டால், ஆற்று மீனைக் கடலில் விட்டதுபோல, அது கால்சியத்தைக் குடித்து வீங்கிச் செயலற்றுப்போகுமே, பிறகு எந்த அடுப்பு எரியும் என்று கேட்கின்றார்கள். எண்ணிக்கையும் உதைக்கின்றது. நாமே கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்து ஊசிக்குப் பத்துக் கோடி. சிறு குழந்தையின் இருதயத்திலும் தசை அணுக்கள் நூறு கோடிக்குக் குறையாது. அப்படியானால் செலுத்தினதெல்லாம் ஒன்று விடாமல் உள்ளே போனாலும் பத்து அணுவுக்கு ஒன்று வீதம்தான் ஆகின்றது. ஒவ்வொரு அணுவிலும் முன்பே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆயிரம் அடுப்பு அணைந்த ஊரில், பத்து ஊருக்கு ஒரு அடுப்பு வீதம் கொண்டுபோய் வைத்தால் எத்தனை பேருக்குச் சோறு ஆகும்? கெட்ட இடத்தில் மாத்திரம் ஊசி போடுவதால் அந்த இடத்தில் விகிதம் கொஞ்சம் கூடும் என்று நாமே சொல்லிக்கொள்ளுகின்றோம். கூடினாலும் சோறு போதாது.

போஸ்டன் கூட்டத்தாரும் வாய் மூடியிருக்கவில்லை. இருதய அணுக்கள் வெளியிலிருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை விழுங்குவதை 2015-லேயே காட்டியிருக்கின்றார்கள். 2020-ல் பிரான்சு தேசத்தில் மோண்ட்பெல்லியே நகரத்து ஆராய்ச்சியாளர்கள், சாதாரண மனிதனுடைய இரத்தத்திலேயே முழுதாகவும் வேலை செய்யக்கூடியதாகவும் மைட்டோகாண்ட்ரியா மிதப்பதாக எழுதினார்கள். அது சரியானால் இரத்தத்தில் விட்டவுடன் அழிந்துபோகும் என்ற வாதம் கொஞ்சம் தளர்கின்றது. செலுத்தினவை தாமே அடுப்பெரிக்காமல், அணுவுக்கு வேறு ஏதோ சமிக்ஞை கொடுத்து அதைத் தேற்றுகின்றன என்று சொல்பவர்களும் இருக்கின்றார்கள். அது உண்மையானால் நல்லதுதான். ஆனால் அப்போது "அடுப்பு மாற்றினோம்" என்று சொல்லுவதை விட்டுவிடவேண்டும்.

எப்படி வேலை செய்கின்றது என்பது தெரியாவிட்டாலும், வேலை செய்கின்றதா என்பதாவது தெரியவேண்டுமல்லவா? அங்கேதான் நமக்கு முக்கியமான ஆட்சேபணை இருக்கின்றது. அந்த இருபத்துநான்கு குழந்தைகளை ஊசி போட்டவர், போடாதவர் என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. ஊசி பெறாத பதினான்கு பேர், ஆஸ்பத்திரியின் பழைய தஸ்தாவேஜுகளிலிருந்து பின்னால் பார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள். அதில் முந்தின வருஷத்துக் குழந்தைகளும் உண்டு. வருஷம் போகப்போக யந்திரமும் தேறுகின்றது, டாக்டர்களின் கையும் தேறுகின்றது. எட்டுப் பேர் பிழைத்ததற்கு ஊசி காரணமா, தேறின கை காரணமா என்று யார் பிரித்துச் சொல்லுவது? இவ்வளவுக்கும் மேலாக, இந்த முறையைக் கண்டவர்கள் அதற்கு உரிமைப் பதிவு கேட்டு மனுச் செய்திருக்கின்றார்கள். அதை ஒளிக்காமல் தங்கள் கட்டுரையிலேயே சொல்லியும் இருக்கின்றார்கள். அந்த நாணயத்தைப் பாராட்டுகின்றோம். ஆனாலும் வியாபாரி தன் தராசில் தானே நிறுத்துக் காட்டினால், எவ்வளவு யோக்கியனானாலும், மறு தராசில் ஒரு தடவை வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இப்படிச் சொல்லுவது வீண் சந்தேகம் என்பவர்களுக்குச் சைக்லோஸ்போரின் என்னும் மருந்தின் கதையைச் சொல்லுகின்றோம். மேலே சொன்ன துவாரம் திறக்காமல் தடுப்பது அதன் வேலை. 2008-ல் பிரான்சில் ஐம்பத்தெட்டு மாரடைப்பு நோயாளிகளிடம் பரீட்சித்ததில் அழிவு குறைந்ததாகக் கண்டார்கள். காரணம் தெளிவாயிருந்தது, கணக்கும் அழகாயிருந்தது. 2015-ல் தொள்ளாயிரத்து எழுபது பேரிடம் பரீட்சித்த முடிவு வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் திரவம் பெற்றவர்களுக்கும் சாவிலோ இருதய பலவீனத்திலோ லாபகரமான வித்தியாசமே இல்லை. கையில் பட்டையைக் கட்டி ஊதி ஊதி இறக்கினால் இருதயத்துக்குப் பாதுகாப்பு என்றார்களே, அதுவும் 2019-ல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பரீட்சித்து ஒன்றுமில்லாமல் போயிற்று. முயலும் பன்றியும் பிழைத்த வைத்தியத்தில் மனிதன் பிழைக்காமல் போனது இது முதல் தடவையல்ல.

"பலன் இல்லாவிட்டால் போகிறது, நஷ்டமென்ன?" என்று கேட்கலாம். மாரடைப்புக்குப் பின் இருதயம் தாறுமாறாய்த் துடிப்பதை அடக்கும் மருந்துகள் நல்லதென்று டாக்டர்கள் நம்பிக் கொடுத்துவந்தார்கள். துடிப்பும் அடங்கிற்று. 1989-ல் முறைப்படி பரீட்சித்த முடிவு வந்தபோது, மருந்து சாப்பிட்டவர்களே அதிகமாய்ச் செத்திருந்தார்கள். நம்பிக்கையோடு கொடுத்த மருந்து அது.

இதற்குமேல் ஒரு கஷ்டமான ஆட்சேபணை உண்டு. அதைத் தட்டிக்கழிக்க நமக்கு மனமில்லை. "சாகக்கிடக்கும் குழந்தையின் தாயிடத்தில் போய், உன் குழந்தைக்கு ஊசி உண்டா இல்லையா என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்மானிப்போம் என்று எந்தக் கல்நெஞ்சன் சொல்லுவான்?" என்று கேட்கின்றார்கள். அந்தப் படுக்கையருகில் நாம் நிற்கவில்லை, ஆகையால் எழுதுவது சுலபம் என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். 1947-ல் இங்கிலாந்தில் ஸ்டிரெப்டோமைசின் மருந்தைக் காசநோய்க்குப் பரீட்சித்தபோது, மருந்து கொஞ்சமாயிருந்ததால் நூற்றேழு பேரைச் சீட்டு முறையில் பிரித்தார்கள். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற ஐம்பத்தைந்து பேரில் நால்வர் இறந்தார்கள். பெறாத ஐம்பத்திரண்டு பேரில் பதினால்வர் இறந்தார்கள். அந்தப் பதினால்வரை நினைத்தால் யாருக்கும் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் சீட்டுப்போடாமல், இஷ்டப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தால், அந்த மருந்தைப்பற்றி டாக்டர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், அதற்குள் எத்தனையோ ஆயிரம் பேர் செத்திருப்பார்கள். பலன் உண்டென்று தெரிந்த மருந்தை ஒரு குழந்தைக்கு மறுத்தால் அது கொலை. பலன் உண்டா என்றே தெரியாத ஊசியில், சீட்டினால் எந்தக் குழந்தைக்கு என்ன நஷ்டம் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டித் தாயிடம் சம்மதம் வாங்குவதுதான் நமக்குக் கல்நெஞ்சாய்ப் படுகின்றது.

மற்றபடி, இந்த ஊசியைப் புரளி என்று நாம் சொல்ல வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. செய்தவர்கள் ஒளித்துச் செய்யவில்லை. முறையையும் கணக்கையும் மற்றவர்கள் கை வைக்கும்படி திறந்து வைத்திருக்கின்றார்கள். நம் வருத்தமெல்லாம், ஐந்து குழந்தை, பத்துக் குழந்தை என்ற கணக்கைக் கொண்டு "இருதயத்துக்குப் புது உயிர்" என்று தலைப்புப் போடுகிற பத்திரிகைகள் மேலும், அந்தத் தலைப்பைச் சுவரில் மாட்டிப் பணம் வாங்கக் காத்திருப்பவர்கள் மேலும்தான்.

தோழரை மறுபடி சந்தித்தபோது இவ்வளவையும் சொன்னோம். அவருக்கும் மார்பில் சில சமயம் பாரமாயிருக்கின்றதாம். போஸ்டன் ஊசி வரட்டும் என்று டாக்டரிடம் போகாமல் இருக்கின்றாராம்! அந்த ஊசி எக்மோ யந்திரமும் ரணவைத்தியக் கூடமும் உள்ள இடத்தில், தசையை வெட்டி, அரைமணியில் பிரித்து, அப்போதே போடவேண்டியது, வீதியில் மார்வலி கண்டு விழுகிறவனுக்கு இப்போது எட்டாது, அவனுக்கு எட்டக்கூடியது சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அடைப்பைத் திறந்துகொள்ளுவதுதான் என்று கண்டித்து, மறுநாளே பரிசோதனைக்குப் போகும்படி செய்தோம். போய்வந்துவிட்டார்.

போஸ்டனிலோ வேறெங்கோ சீட்டுப்போட்டுப் பிரித்துச் செய்யும் பரீட்சையின் முடிவு வெளிவந்தால், அது யாருக்கு அனுகூலமாயிருந்தாலும், அந்தக் கணக்கை இதே பத்தியில் அப்படியே எழுதுவோம்.